இயங்கு எல்லைக்கோடும் ஏட்டுச்சுவடிப் படிமமும்: ஓர் அறிமுகம்

முன்னுரை

ஏட்டுச்சுவடி ஒன்றை ஒளிப்படமாக்கிக் கணினியில் சேர்த்துவிட்டால் அதன் எழுத்துகள் கணினிக்குக் கிடைத்துவிட்டன என்று கருதுவோர் நம்மிடையே உளர். உண்மையில் கணினிக்குக் கிடைப்பவை எழுத்துகள் அல்ல. ஒளிச்செறிவைக் குறிக்கும் எண்களே. அவ்வெண்களுள் எவை மை, எவை ஓலை, எவை கறை, எவை பூச்சி அரித்த துளை என்று பிரித்தறிந்த பின்னரே எழுத்து உருப்பெறுகிறது. இப்பணியைப் படிமப் பகுப்பு என்பர். அதற்குரிய முறைகளுள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வழக்கிலுள்ளது, ஆங்கிலத்தில் 'ஆக்டிவ் காண்டூர்' எனப்படும் இயங்கு எல்லைக்கோட்டு முறையாகும். அம்முறையை விளக்குவதும், அது வரைந்து காட்டும் எல்லையில் படிமத்தின் சான்று எவ்வளவு, முறையின் ஊகம் எவ்வளவு என்று வினவும் தேவையை உணர்த்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. எளிய பகுப்பும் அதன் குறையும்

குறிப்பிட்ட ஒரு செறிவினும் கருமையான புள்ளிகளை எல்லாம் மை என்றும் ஏனையவற்றைப் பின்புலம் என்றும் கொள்வதே மிக எளிய வழி. அவ்வெல்லை மதிப்பைப் படிமத்திலிருந்தே கணக்கிடும் வழியை ஜப்பானிய அறிஞர் நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்டார். அச்சிட்ட தாளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஓலைக்கு அவ்வாறு பொருந்துவதில்லை. எழுத்தாணியால் கீறப்பட்ட எழுத்து, கீறலில் கரி தேய்க்கப்பட்ட பின்னரே தெளிவாகத் தெரிகிறது. காலப்போக்கில் அக்கரி சில இடங்களில் அகன்றுவிடுகிறது. ஓலையின் கறையோ சில இடங்களில் கரிக்கு நிகரான கருமை பெறுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே நோக்கும் முறைக்கு, ஓர் எழுத்தின் கோடு தொடர்ச்சியுடையது என்பது தெரியாது. இக்குறையை நீக்க வந்ததே இயங்கு எல்லைக்கோடு.

2. 'பாம்பு' என்னும் கோடு

மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டெமெட்ரி டெர்சோபௌலோஸ் ஆகிய மூவரும் 1987-இல் இலண்டனில் நடைபெற்ற முதலாவது பன்னாட்டுக் கணினிப் பார்வை மாநாட்டில் இம்முறையை முன்வைத்தனர். அதன் விரிவான வடிவம் 1988-இல் ஆய்விதழில் வெளிவந்தது. படிமத்தின்மீது இடப்பட்ட ஒரு கோடு நெளிந்து நெளிந்து பொருளின் விளிம்பைச் சென்றடைவதால் அதனைப் 'பாம்பு' என்றே அவர்கள் அழைத்தனர்.

இக்கோட்டின்மீது மூவகை விசைகள் செயற்படுகின்றன. முதலாவது அகவிசை. இதன் ஒரு கூறு, இழுத்த ரப்பர் வளையம்போல் கோட்டைச் சுருங்கச் செய்கிறது. மற்றொரு கூறு, மெல்லிய உலோகக் கம்பிபோல் கூர்மையாக வளைவதைத் தடுக்கிறது. இரண்டாவது படிமவிசை. செறிவு திடீரென மாறும் விளிம்புகளை நோக்கிக் கோட்டை ஈர்ப்பது இதுவே. மூன்றாவது புறவிசை. பயன்படுத்துவோர் கோட்டின் ஒரு பகுதியைத் தாம் விரும்பும் இடத்திற்கு இழுக்கவோ, வேண்டாத இடத்திலிருந்து விலக்கவோ இது இடமளிக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றல் மதிப்பு உண்டு. அம்மதிப்புகளின் கூட்டுத்தொகை குறையும் திசையில் கோடு நகர்கிறது. மேலும் குறைய வழியில்லாத நிலையில் நின்றுவிடுகிறது. அந்நிலையே விளிம்பு எனக் கொள்ளப்படுகிறது.

ஆகவே, பாம்பு காட்டும் எல்லை படிமத்தில் உள்ளதை உள்ளவாறே படியெடுத்ததன்று. படிமம் சொல்வதற்கும், 'விளிம்பு இத்தன்மையதாக இருக்கும்' என்னும் நம் எதிர்பார்ப்புக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடே அது. மூல ஆய்வாளர்களே இதனை ஓர் எடுத்துக்காட்டால் தெளிவுபடுத்தியுள்ளனர். கோடு எதுவும் வரையப்படாதபோதும் கண்ணுக்கு ஒரு வடிவம் இருப்பதுபோல் தோன்றும் மாயத்தோற்றப் படம் ஒன்றன்மீது பாம்பை இயக்கினர். அது அவ்வடிவத்தைக் கண்டது. ஆயினும், விளிம்பே இல்லாத இடைவெளிகளில் அதன் போக்கைத் தீர்மானித்தது வழவழப்பு வேண்டும் என்னும் அகவிசை மட்டுமே.

3. பிரியவும் சேரவும் வல்ல கோடு

தொடக்கநிலைப் பாம்புக்கு இரு குறைகள் இருந்தன. விளிம்புக்கு அண்மையில் வைத்தாலன்றி அது விளிம்பை உணராது. இதனை ஈடுசெய்ய, லோரான் கோஹன் 1991-இல் பலூன்போல் உப்பும் விசையைச் சேர்த்தார். சென்யாங் ஷூ, ஜெர்ரி பிரின்ஸ் ஆகியோர் 1998-இல் விளிம்பின் ஈர்ப்பைத் தொலைவிலும் பரவச் செய்யும் விசைப்புலத்தை அமைத்தனர். இரண்டாவது குறை, ஒரு கோடு தானாக இரண்டாகப் பிரியவோ, இரு கோடுகள் ஒன்றாகவோ இயலாமை.

இவ்விரண்டாவது குறைக்குத் தீர்வாக அமைந்தது, ஸ்டான்லி ஓஷரும் ஜேம்ஸ் செத்தியனும் 1988-இல் வெளியிட்ட 'லெவல் செட்' எனும் சமமட்ட முறை. கடல் நடுவே உள்ள தீவை எண்ணிப் பார்ப்போம். நீர்மட்டம் மாறாதிருக்க, நிலம் மட்டும் உயர்ந்தும் தாழ்ந்தும் வருமாயின் கரைக்கோடு இடம் மாறும். நடுநிலம் தாழ்ந்தால் ஒரு தீவு இரு தீவுகளாகும். கரைக்கோட்டை நேரடியாக நகர்த்தாமல் நிலப்பரப்பை மாற்றுவதே இம்முறையின் நுட்பம். இதனைப் பயன்படுத்தி டோனி சானும் லுமினிட்டா வேசேயும் 2001-இல் அமைத்த முறை, விளிம்பைத் தேடாமல், கோட்டின் உள்ளும் புறமும் சராசரிச் செறிவுகள் தெளிவாக வேறுபடுமாறு படிமத்தைப் பகுக்கிறது. மங்கிய விளிம்புகளுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் கோட்டின் மொத்த நீளத்திற்கு அது ஒரு 'தண்டம்' விதிக்கிறது. தண்டம் மிகுந்தால் சிறிய உருக்கள் தனி உருக்களாக ஏற்கப்படாமல் மறைந்துவிடும்.

4. பின்தொடர்தல்

அசையும் படங்களில் ஒரு சட்டத்தில் கண்ட எல்லையை அடுத்த சட்டத்தின் தொடக்கக் கோடாகக் கொண்டால் பொருளைப் பின்தொடரலாம். பேசுவோரின் உதடுகளை இவ்வாறு பின்தொடர்ந்ததை முதற்கட்டுரையிலேயே காண்கிறோம். பொருள் விரைந்து நகர்ந்தாலோ, ஒத்த வடிவங்கள் சூழ்ந்திருந்தாலோ கோடு வழிதவறும். மைக்கேல் இசார்டும் ஆண்ட்ரூ பிளேக்கும் 1996-இல், எல்லை இருக்கக்கூடிய பல நிலைகளை ஒருசேர வைத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நிகழ்தகவைச் சட்டந்தோறும் திருத்தும் முறையைத் தந்தனர். இலைகள் அடர்ந்த புதரில் ஓர் இலையை மட்டும் அது பின்தொடர்ந்தது. பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களைக் காட்டும் பதிப்பாசிரியர்க்கு இவ்வணுகுமுறை புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் மரபும் ஐயமுள்ள இடத்தில் மாற்றுப் பாடங்களைக் கைவிடாத மரபே.

5. ஓலையில் எழும் சிக்கல்

கையெழுத்துப் பக்கங்களில் வரிகளைப் பிரித்தறிய, எம்மொழி எழுத்துக்கும் பொருந்துமாறு இயங்கு எல்லைக்கோட்டைப் புகாரி, ஷாஃபைட், புரோயல் ஆகியோர் 2009-இல் பயன்படுத்தினர். ஆகவே, இம்முறை சுவடித்துறைக்கு அயலானதன்று. எனினும் தமிழ் ஏடுகளுக்கெனத் தனிச் சிக்கல்கள் உள்ளன. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். கொம்பு, சகரம், கால் போன்ற குறி என மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து வந்தால் அதனைச் சொ, சோ, செர, சேர, சேர் எனப் பலவாறாகப் படிக்கலாம். எது சரியென்பது இடம் நோக்கிப் புலவர் துணிய வேண்டியது.

இந்நிலையில் அரிதாக ஓரிடத்தில் புள்ளி இடப்பட்டிருப்பின் அது பதிப்பாசிரியர்க்குப் பெருஞ்சான்று. நீளத் தண்டம் மிகுதியாக அமைந்த சமமட்டக் கோடு அப்புள்ளியைத் தூசியெனக் கருதி நீக்கிவிடக்கூடும். மறுபுறம், பூச்சித் துளை ஒன்று புள்ளியாகவே எஞ்சவும் கூடும். கரி அகன்ற சுழியை அகவிசை வழவழப்பாக மூடிவிடலாம். ஓலையின் நரம்பைப் பாம்பு எழுத்தின் விளிம்பெனப் பற்றிக்கொள்ளலாம். இவ்வாறு தூய்மையாக்கப்பட்ட படிமத்தை மட்டும் காணும் ஆய்வாளர், கருவி செய்த பாடத்தேர்வை ஏடு தந்த பாடம் என்றே கொள்வார். ஏடு எழுதுவோர் செய்த பிழைகளை நாம் ஆராய்கிறோம். கருவி செய்யும் 'திருத்தங்களையும்' அவ்வாறே ஆராய வேண்டாமா?

6. இன்றைய நிலை

2015-இல் வெளிவந்த யூ-நெட் முதலிய நரம்பியல் வலையமைப்புகளும், 2023-இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட பொதுப் பகுப்பு மாதிரியும் படிமப் பகுப்பில் இன்று முன்னிலை பெற்றுள்ளன. ஆயினும் மருத்துவப் படிமங்களுக்கான ஐடிகே-ஸ்னாப் போன்ற மென்பொருள்களில் இயங்கு எல்லைக்கோடு இன்றும் இடம்பெற்றுள்ளது. நரம்பியல் வலையமைப்பின் எதிர்பார்ப்புகள் எண்ணற்ற எடைகளுள் புதைந்துள்ளன. பாம்பின் எதிர்பார்ப்புகளோ நாம் எழுதிவைக்கக்கூடிய ஒருசில எண்களாக வெளிப்படையாக உள்ளன. எனவே, கருவி ஊகிக்கிறது என்பதை மாணவர்க்கு உணர்த்த இம்முறையே ஏற்றதெனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று நடைமுறைகள் பெறப்படுகின்றன. மூலப் படிமம் எவ்வகை மாற்றமுமின்றிப் பேணப்பட வேண்டும். பகுப்புக்குக் கொண்ட முறையும் அகவிசை, தண்டம் முதலியவற்றின் மதிப்புகளும் படிமத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும். படிமவிசை மிகக் குறைந்து, அகவிசையால் மட்டும் வரையப்பட்ட பகுதிகள் வேறு நிறத்தில் காட்டப்பட வேண்டும். அச்சுப் பதிப்பில் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது நம் பதிப்பாசிரியர் கைக்கொண்ட நேர்மை. கணினித் திரையிலும் அந்நேர்மை தொடர்தல் வேண்டும்.