‘பசுமைக் கணினி’ என்கிறார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

செடெனாக்: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் செடெனாக் டோல் பக்கம் போய் வருகிறவர்களுக்கு மாற்றம் கண்ணெதிரே தெரிகிறது. செம்பனை நின்ற நிலத்தில் இன்று ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள். ஜொகூர் கார்ப்பரேஷனைச் சேர்ந்த ஜேலேண்ட் குழுமத்தின் செடெனாக் டெக் பார்க் 700 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. பிரின்ஸ்டன் டிஜிட்டல், யோன்டர் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே தரவு மையங்களுக்கு இடம் பிடித்துள்ளன.

தரவு மையம் என்பது அடுக்கடுக்காக வைக்கப்பட்ட கணினிகள்தாம். அந்தக் கணினிகளும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்கித் தரும் மடிக்கணினியும் ஏறக்குறைய ஒரே தொழிற்சாலைச் சங்கிலியிலிருந்து வருகின்றன. எல்லா நிறுவனங்களும் இன்று “சுற்றுச்சூழலுக்கு உகந்தது”, “தொழிலாளர் உரிமையை மதிக்கிறோம்” என்று சொல்கின்றன. பெட்டியில் பச்சை இலை அச்சடிக்க அதிகச் செலவு ஆகாது. உண்மை எது என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு.

முதலில் தொழிலாளர் விஷயம். புகழ்பெற்ற கணினி நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் கணினியைத் தாங்களே பூட்டுவதில்லை. ஒப்பந்த நிறுவனங்கள் பூட்டுகின்றன. அவற்றுக்கு வேறு நிறுவனங்கள் பாகங்களைத் தருகின்றன. ஜொகூரிலும் பினாங்கிலும் சிலாங்கூரிலும் உள்ள மின்னியல் தொழிற்சாலைகள் இந்தச் சங்கிலியில் முக்கியக் கண்ணிகள். அங்கே நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு.

இவர்களில் பலருக்கு வேலை தொடங்குவதற்கு முன்பே கடன் தொடங்கிவிடுகிறது. ஊரில் நிலத்தையோ நகையையோ அடமானம் வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். வந்த பிறகு கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறார். வேலை பிடிக்கவில்லை என்றாலும் போக முடியாது. கடன் அடையவில்லை, கையில் கடப்பிதழும் இல்லை. சங்கிலி போட்டுக் கட்டாமலேயே ஒருவரைக் கட்டிப்போடும் முறை இது.

வெரிட்டே என்ற அமெரிக்க அமைப்பு 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் உலகுக்குக் காட்டியது. மலேசிய மின்னியல் துறையில் 501 தொழிலாளர்களிடம் பேசி, அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாக அது சொன்னது. எந்த நிறுவனத்தின் பெயரையும் அந்த ஆய்வு குறிப்பிடவில்லை. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்க முடியவில்லை. அதே ஆண்டிலேயே எச்.பி. நிறுவனம், அந்நியத் தொழிலாளர்களை ஏஜெண்டு வழியாக அல்லாமல் நேரடியாகப் பணியமர்த்த வேண்டும் என்று தன் விநியோகஸ்தர்களுக்கு விதி போட்டது. ஆட்சேர்ப்புக் கட்டணம் எதையும் தொழிலாளர் தலையில் கட்டக்கூடாது என்று ஆப்பிளும் அறிவித்தது.

ஆக, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் தேட வேண்டியது அழகான படங்களை அல்ல. விநியோகத் தொழிற்சாலைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்கிறதா? ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டதா, எவ்வளவு? தவறு கண்டுபிடித்த தொழிற்சாலைகள் எத்தனை? “எங்களிடம் ஒரு குறையும் இல்லை” என்ற அறிக்கையைவிட, “இத்தனை இடங்களில் தவறு நடந்தது, இவ்வளவு பணம் திருப்பிக் கொடுத்தோம்” என்ற அறிக்கையையே அதிகம் நம்பலாம்.

பல நிறுவனங்கள் ‘பொறுப்பான வணிகக் கூட்டணி’யின் உறுப்பினர்கள் என்று பெருமையாகச் சொல்லும். 2004-இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு அது. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பவை அதன் விதிகளில் சில. விதிகள் நல்லவைதாம். ஆனால் அது நிறுவனங்களே சேர்ந்து நடத்தும் கூட்டணி என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். தணிக்கை நாளில் மட்டும் தொழிற்சாலை பளபளப்பாவது இந்தத் துறையில் தெரிந்த கதை. சுவீடனின் டி.சி.ஓ. சான்றிதழ் இதைவிடக் கொஞ்சம் கடுமையானது. வெளியார் ஆய்வு நடத்திய பிறகே ஒவ்வொரு மாடலுக்கும் அது கிடைக்கும்.

தவறு தெரிந்ததும் நிறுவனம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கணினித் துறை அல்ல என்றாலும் ஜொகூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தொழிலாளர் நிலை குறித்த புகார்களுக்குப் பிறகு, டைசன் நிறுவனம் 2021-இல் ஜொகூரின் ஏ.டி.ஏ. ஐ.எம்.எஸ். நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வாங்குபவர் விலகினால் பெயர் காப்பாற்றப்படலாம். வேலை போவது தொழிலாளருக்குத்தான். ஏ.டி.ஏ. தொழிலாளர் சிலர் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. புகார்களை டைசன் மறுத்து வந்துள்ளது.

சுற்றுச்சூழல் கணக்கு வேறு மாதிரி. ஒரு மடிக்கணினியால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே “எங்கள் அலுவலகங்கள் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன” என்ற வாசகத்தில் மயங்க வேண்டாம். விநியோகத் தொழிற்சாலைகளின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. எனர்ஜி ஸ்டார் முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே சொல்லும். எபீட் முத்திரை வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து, மூலப்பொருள், பழுதுபார்க்கும் வசதி போன்றவற்றையும் பார்க்கும்.

பேட்டரியை மாற்ற முடியுமா, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பது எந்த முத்திரையையும்விடப் பயன் தரும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். அதே மாடல் இங்கும் விற்கப்பட்டால் அந்த மதிப்பெண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

பழைய கணினி எங்கே போகிறது? பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமைப்பு அமெரிக்காவில் சுமார் 200 பழைய சாதனங்களில் இடங்காட்டும் கருவிகளை ஒளித்து வைத்து 2016-இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடல் கடந்து போயிருந்தது. பழுதான சாதனங்களை வளரும் நாடுகளுக்கு அனுப்ப மாட்டோம் என்று 2009-லேயே அறிவித்த டெல் நிறுவனத்தின் கூட்டுத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட சிலவும் அதில் இருந்தன. கொள்கை நல்லது, கண்காணிப்பு போதவில்லை. 2025 ஜனவரி முதல் பேசல் ஒப்பந்தப்படி எந்த மின்னியல் கழிவையும் பெறும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது.

செடெனாக் வட்டாரத்து மக்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. தரவு மையங்களைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். வீட்டுக் குழாய்க்கும் அதே தண்ணீர்தான். இதனால்தான் ஜொகூர் மாநில அரசு 2024-இல் தனிக் குழு அமைத்து விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 30 விழுக்காடு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. கணினி நிறுவனங்களின் அறிக்கைகளில் கரியமில வாயுவுக்குப் பல பக்கங்கள் இருக்கும். எந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம், அதில் குடிநீர் எவ்வளவு, சுத்திகரித்த கழிவுநீர் எவ்வளவு என்று ஊர்வாரியாகச் சொல்லும் அறிக்கைகள் குறைவு.

தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று: மற்றொருவரின் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ் சட்டப்படி குற்றம். புகாரை மனிதவள அமைச்சின் ஆள்பலத் துறையிடமோ, அதன் ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ செயலி வழியாகவோ கொடுக்கலாம்.