பிள்ளை பெற்ற வீட்டுக்கு வைத்தியம்

முசிறிப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தை பிறந்த வீட்டுக்கு நர்ஸம்மா வந்தால் முதலில் தராசுதான் பையிலிருந்து வெளியே வரும். கொக்கியில் மாட்டி, துணித் தூளியில் பிள்ளையைப் போட்டு, முள் நிற்கும்வரை வீடே வாய் திறக்காது. எடை கூடியிருந்தால் பாட்டிக்குப் பெருமை. பால் குடிக்கிறதா, ஊசி போட்டாச்சா, தையல் ஆறிடுச்சா என்று கேள்விகள் வரிசையாய்ப் போகும். சுவரோரம் சாய்ந்திருப்பவளிடம் “உனக்கு மனசு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பது அபூர்வம். கேட்டாலும் பதில் சொல்வது அவளாக இருக்காது. “பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும். நாங்கள்லாம் நாலு பெக்கலையா?”

பிரசவமான முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே வடிந்துவிடும். அதற்கு மேலும் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல், ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்ற நினைப்பு விடாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோய். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு இது வருவதாகக் கணக்கிட்டது.

ஹார்மோன் திடீரென்று இறங்குவது காரணம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பிள்ளை பெற்ற எல்லாருக்கும்தான் அது இறங்குகிறது. சிலர் மட்டும் ஏன் விழுகிறார்கள்? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் பார்த்து, பிரசவத்துக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். புதிதாகச் சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். 2002இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன காரணங்கள் இவை: வருமானக் குறைவு, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடு உரசல், பெற்றவர்களோடு மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆளில்லாதது.

பெற்றவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது நம் நம்பிக்கை. சீர் செலவும் மாப்பிள்ளை வீட்டு முகச்சுளிப்பும் அங்கேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, நோய் அவளுக்கு என்றாலும் வைத்தியம் வீட்டுக்கும் சேர்த்துத்தான். மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பால் கொடுக்கும் தாய்க்கும் தரக்கூடிய மருந்துகள் உண்டு, மருத்துவர் பார்த்துத் தருவார். ஆனால் வீட்டுப் பேச்சை மாத்திரை மாற்றாது.

அதை மாற்றிக் காட்டியவை பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்கள். அத்திஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் அங்கே ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கு இரண்டே நாள் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார். சோர்வு, மனநோய் என்ற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. ‘பிள்ளை நன்றாக வளர’ என்றுதான் உள்ளே போனார்கள். பேரப்பிள்ளை நன்றாக வளரக் கூடாது என்று எந்த மாமியார் சொல்வாள்? அந்த ஒரு வார்த்தையில் கதவு திறந்தது. கணவனும் மாமியாரும் கூட உட்கார்ந்தார்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு, பிறந்த முதல் மாதத்தில் மூன்று, பிறகு மாதம் ஒன்றாக ஒன்பது என்று மொத்தம் பதினாறு சந்திப்பு.

அந்த முறையை முசிறிக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? ‘எனக்குப் பாலே பத்தலை, நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்கிறாள் ஒருத்தி. ‘அப்படியெல்லாம் நினைக்காதே’ என்பது ஆறுதல், வைத்தியம் அல்ல. பிள்ளை ஒரு நாளைக்கு ஆறேழு தரம் மூத்திரம் போகிறதா என்று அவளையே எண்ணச் சொல்ல வேண்டும். எடை அட்டையை அவள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நினைப்பு ஒன்று சொல்கிறது, முள் வேறொன்று காட்டுகிறது. எது சரி என்று அவளே பார்க்கட்டும். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, ‘பாலு பத்துதா’ என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு என்று ஒப்படைக்க வேண்டும். கோரை அறுப்புக்கும் வாழைத்தார் வெட்டுக்கும் போய்த் திரும்புகிற கணவனுக்கும் ஒரு வேலை: ராத்திரி ஒரு தடவை பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது. அவளுக்குத் தொடர்ச்சியாக நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதுவே பெரிய மருந்து.

ராவல்பிண்டி முயற்சியின் முடிவு 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஏற்கெனவே சோர்வுக்கு ஆளாகியிருந்த 903 தாய்மாரில், இந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்தும் சோர்வில் இருந்தோர் நூற்றுக்கு 23, கிடைக்காதவர்களில் 53. குழந்தைகளின் எடை உயரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, அப்பாக்களும் பிள்ளையோடு கூடுதல் நேரம் விளையாடினார்கள். அப்பாக்களும் சோர்வுக்குத் தப்பியவர்கள் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறையப் பத்தில் ஒரு தகப்பனுக்கு இந்தக் காலத்தில் சோர்வு காணப்பட்டது. ராவல்பிண்டி முறையைக் கோவாவில் அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்தே செய்து பார்த்தபோது பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. மந்திரம் எதுவும் இல்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

நமக்கு இது எட்டாத காரியமும் அல்ல. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் முசிறி இருக்கிற திருச்சியும் ஒன்று. சோர்வைக் கண்டறியப் பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோலும் தமிழில் இருக்கிறது. மாமியார் பக்கத்தில் இருந்தால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்றே பதில் வரும் என்பதால், அந்த நேரம் பார்த்து அவரிடம் ஒரு காப்பி கேட்டு அடுப்படிக்கு அனுப்பத் தெரிந்த நர்ஸம்மா வேண்டும். என் கவலை வேறு: இருக்கிற பதிவேடுகளையே எழுதி முடிக்க முடியாதவருக்கு இதையும் இன்னொரு பதிவேடாகக் கொடுத்தால், கட்டம் நிரம்பும், பேச்சு நடக்காது.

எல்லாவற்றையும் வீட்டோடு வைத்துப் பார்க்கவும் கூடாது. பிள்ளை பெற்றவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரோ காதில் பேசுவதாகச் சொன்னாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் புத்தித் தடுமாற்றத்தைப் பேய் பிடித்தது என்று சொல்லிக் கோயில் கோயிலாக நாள் கடத்துவதில்தான் ஆபத்து. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் தனிப்பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அவள்தான் பேச வேண்டும் என்றில்லை, கணவனோ மாமியாரோ கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.