ராக் மேடை முன் ஒரு கொலை: 35 ஆண்டுகள் மூடப்படாத கோப்பு

ஆயிரக்கணக்கானோர் கண்ணெதிரே, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கொல்லப்பட்டால் அதில் மர்மம் ஏது என்று தோன்றலாம். ஆனால், அமெரிக்காவின் அல்டமோன்ட் திடலில் நடந்த கொலையின் கோப்பை மூட 35 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1969ஆம் ஆண்டு பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. டிக்கெட் விலை மிக அதிகம் என்ற குறைகூறல் எழுந்தது. பயணத்தின் முடிவில் ரசிகர்களுக்கு ஓர் இலவச நிகழ்ச்சி வழங்க முடிவானது. இடம் கிடைப்பதில்தான் சிக்கல். சான் பிரான்சிஸ்கோ பூங்கா கைநழுவியது. அடுத்துப் பேசிய கார் பந்தயத் திடலும் கைகூடவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டே நாள் இருக்கையில் வடக்குக் கலிபோர்னியாவின் அல்டமோன்ட் பந்தயத் திடல் முடிவானது.

அவசரத்தின் விளைவு மேடையிலேயே தெரிந்தது. முந்தைய இடத்தில் மேடை மேட்டின் உச்சியில் அமையவிருந்ததால், சுமார் ஒரு மீட்டர் உயரமே போதும் எனத் திட்டமிட்டிருந்தனர். அல்டமோன்டிலோ அதே மேடை சரிவின் அடிவாரத்தில் நின்றது. மேலிருந்து நெருக்கிய கூட்டம் நேராக மேடை மீது வந்து மோதியது. வந்தவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர்.

மேடையைச் சுற்றி நின்றவர்கள் பயிற்சி பெற்ற பாதுகாவலர்கள் அல்லர். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். 500 டாலர் பெறுமானமுள்ள பீர்தான் அவர்களுக்குக் கூலி என்று சொல்லப்படுகிறது. பிற்பகலிலேயே அடிதடி தொடங்கிவிட்டது. ஜெபர்சன் ஏர்பிளேன் குழுவின் பாடகர் மார்ட்டி பாலின் மேடையிலேயே தாக்கப்பட்டு மயங்கி விழுந்தார். நிலைமையைக் கண்ட கிரேட்ஃபுல் டெட் குழு, வாசிக்காமலே திரும்பிவிட்டது.

டிசம்பர் 6ஆம் தேதி இரவு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் மேடை அருகே கும்பலுடன் மோதலில் சிக்கினார். அடி வாங்கி விலகியவர், துப்பாக்கியை உருவினார். ஏஞ்சல்ஸ் உறுப்பினர் ஆலன் பசாரோ அவர் மீது பாய்ந்து கத்தியால் குத்தினார். ஹன்டர் அங்கேயே உயிரிழந்தார்.

சுற்றுப்பயணத்தைப் படமாக்கி வந்த மேசல்ஸ் சகோதரர்களின் கேமராவில் சில வினாடிகள் பதிவாகியிருந்தன. ஹன்டரின் தோழி அணிந்திருந்த வெளிர்நிற உடையின் பின்னணியில் துப்பாக்கியின் கருநிழல் தெரிந்தது. அந்தப் படம் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. பசாரோ தற்காப்புக்காகவே குத்தினார் என்ற வாதத்தை ஜூரிகள் ஏற்றனர். 1971 ஜனவரியில் அவர் விடுதலையானார்.

பிறகு ஏன் கோப்பு திறந்தே இருந்தது? விடுதலையானவர் மீது அதே குற்றத்திற்காக மீண்டும் வழக்குத் தொடர அமெரிக்கச் சட்டம் இடம் தராது. ஆனால், இரண்டாவது ஆள் ஒருவரும் குத்தினார் என்ற பேச்சு அடங்கவில்லை. கலிபோர்னியாவில் கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால் அவர் மீது எப்போது வேண்டுமானாலும் வழக்குத் தொடரலாம். அலமேடா கவுண்டி அதிகாரிகள் படச்சுருளை மீண்டும் ஆராய்ந்தனர். குத்தியவர் பசாரோ மட்டுமே என்று முடிவு செய்து, 2005இல் கோப்பை மூடினர். பசாரோ 1985லேயே நீரில் மூழ்கி இறந்துவிட்டிருந்தார்.

கத்தி பிடித்த கை எது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. பயிற்சியில்லாதவர்களிடம் பாதுகாப்பை ஒப்படைத்தது யார் பொறுப்பு என்பதற்கு இன்றுவரை தெளிவான விடையில்லை. குழுவினர், ஏற்பாட்டாளர்கள், கும்பல் என ஒருவர் மீது ஒருவர் பழி போட்டனர். ஆனால், அந்த முடிவுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

'கிம்மி ஷெல்டர்' ஆவணப்படத்தின் வழி ஹன்டரின் கடைசி நொடிகளை உலகமே பார்த்தது. ஆனால், வலேஹோ நகரில் அவரது கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. அந்த நிலையை 2006இல் சேம் கிரீன் என்பவர் குறும்படமாக எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே நன்கொடை திரட்டப்பட்டு, பெயர் பொறித்த கல் அங்கே வைக்கப்பட்டது.