அம்மாவைக் கீழே உட்கார வைக்காதீர்கள்!

பத்துமலைக் குகைக்குப் போகும் படிகள் 272. ஒரு மாடிக்கு 16 படி என்று வைத்தால் 17 மாடி. விடிந்ததும் அங்கே போய்ப் பாருங்கள். சாமி கும்பிட வந்தவர்களுக்கு நடுவே, சப்பாத்தும் கழுத்தில் துண்டுமாக ஏறி இறங்கும் பெரியவர்களும் இருப்பார்கள். கேட்டால் இனிப்பு நீர், கொழுப்பு, தொப்பை என்று காரணம் சொல்வார்கள். மூளைக்காக ஏறுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் சொல்ல வேண்டிய காரணமே அதுதான்.

கனடாவில் 19 முதல் 79 வயதுவரை உள்ள 331 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. தினமும் ஏறும் ஒவ்வொரு மாடிக்கும் மூளையின் வயது அரை ஆண்டுக்குச் சற்று மேலாகக் குறைந்து தெரிந்தது. அதற்காக, பத்துமலை ஏறினால் பத்து வயது குறையும் என்று கணக்குப் போட வேண்டாம். படி ஏறியதால் மூளை தெம்பாக இருக்கிறதா, தெம்பானவர்கள்தான் படி ஏறுகிறார்களா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு அப்படியல்ல. 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்கு நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி 2% வளர்ந்தது. கைகாலை நீட்டி மடக்கியதோடு நின்றவர்களுக்கு அது 1.4% சுருங்கியது.

மூச்சு வாங்க நடக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் கூடுகிறது. நரம்பணுக்களுக்கு உரம்போல உதவும் ஒரு புரதமும் சுரக்கிறது. பத்துமலையில் இன்னொரு லாபமும் உண்டு. படிகள் செங்குத்து, அகலமும் குறைவு. பாதம் முழுசாகப் பதியாது, பக்கவாட்டில் வைத்துத்தான் ஏற வேண்டும். ஒரு கை கம்பியில், மறு கை தேங்காய்ப் பையில், கண் அதைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்கின் மேல். காலோடு தலையும் வேலை செய்தே ஆக வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. ரப்பர் தோட்டத்தில், விடிவதற்குமுன் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர்கள் அவர்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் வந்த பிள்ளைகளுக்கு லிஃப்ட் கிடைத்தது, கார் கிடைத்தது, கூடவே இனிப்பு நீரும் வந்தது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3% பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4%. மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் நீரிழிவும் ஒன்று, உடலசைவு இல்லாமையும் ஒன்று. 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5% பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2018 ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

என் கவலை நோயைப் பற்றியது மட்டுமல்ல, நம் பாசத்தைப் பற்றியதும்தான். "அம்மா, நீங்க கீழேயே உட்காருங்க. நாங்க போயிட்டு வந்துடுறோம்" என்று அடிவாரத்தில் கேட்காத நாளில்லை. வீட்டு வாசலில் காரில் ஏற்றி, கோயில் வாசலில் இறக்கி, அங்கிருந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறோம். பத்துமலைக்கு நகரும் மின்படிக்கட்டு என்ற பேச்சும் அடிபடுகிறது. முட்டி தேய்ந்தவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது வரம்தான். டாக்டரைக் கேட்காமல் அவர்கள் படியில் கால் வைக்கவும் கூடாது. ஆனால் அது வந்துவிட்டால், நல்ல காலோடு இருக்கும் எத்தனை பேர் படிப்பக்கம் திரும்புவார்கள்?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்திலாவது உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குப் பத்துமலைதான் வேண்டும் என்றில்லை. ஃபிளாட்டில் ஒரு மாடி முன்னதாகவே லிஃப்டை விட்டு இறங்கலாம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு நடக்கலாம். பத்துமலைக்கே போனால் அம்மாவின் கையைப் பிடித்து, முடிந்த படிவரை ஏற்றுங்கள்; மூச்சு வாங்கினால் நின்று, பேசிவிட்டு இறங்குங்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பீர்கள். நாளை பெயர் மறந்து, வழி மறந்து போன பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவதைவிட, இன்று அவர்களோடு ஏற அரைமணி நேரம் ஒதுக்குவது எளிது.