வந்து மறையும் மின்பழுது

முறைச்சுரம் கண்ட நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், அவர் கைபார்க்கும் வேளையிற் சுரம் விட்டிருக்கும். வீடு திரும்பியதும் மீண்டும் காயும். பழைய மோட்டார் சைக்கிள்களில் தோன்றும் மின்பழுதுகள் சிலவும் இத்தன்மையனவே. பட்டறை வாயிலில் இஞ்ஜின் செவ்வனே ஓடும். ஊரெல்லையைத் தாண்டியதும் நின்றுவிடும். பட்டறைக்காரர் இதனை ‘லூஸ் காண்டாக்ட்’ என்னும் ஒரு பெயரால் அடக்குவர். பெயரிடுதல் எளிது, இடத்தைக் கண்டுபிடித்தலோ அரிது. நம் மாணவர் பலர், தந்தையாரோ தமையனாரோ பல்லாண்டு ஓட்டிக் கொடுத்த வண்டியிலே நாள்தோறும் கல்லூரிக்கு வருகின்றனராதலின், இப்பழுதைத் தேடும் நெறியை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

முன்னாளில் காற்றொடு பெட்ரோலைக் கலந்து இஞ்ஜினுக்கு ஊட்டியது கார்புரேட்டர். அது காற்றின் இழுப்பினால் தொழிற்படுவது, மின்சாரத்தை வேண்டாதது. பெட்ரோலை அளந்து பீச்சும் மின்னணு முறை 1980-ஆம் ஆண்டில் கவாசாகி நிறுவனத்தாரின் இசட் 1000 எச் வண்டியிலும், 1983-இல் பி. எம். டபிள்யூ. கே 100 வண்டியிலும் அமைந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைவிதிக்குப் பின்னர், புதிய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலன இம்முறையையே மேற்கொண்டன.

இம்முறையில் மின்சாரமே உயிர்நாடி. டாங்கியினுள் இருக்கும் பம்பு, பெட்ரோலைப் பீச்சும் குழல், அளவைக் கணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, வெப்பத்தையும் காற்றையும் சுழற்சியையும் உணர்த்தும் சென்ஸார்கள் ஆகிய யாவும் அதனையே நம்பியுள்ளன. அஃது இமைப்பொழுது தடைப்படினும் இஞ்ஜின் தடுமாறும்.

இனி யாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். எம் நண்பரான ஆசிரியர் ஒருவர் இத்தகைய பழைய வண்டி ஒன்றை உடையவர். ஒருநாள் மாலை, மகளைப் பின்னே இருத்திக்கொண்டு நெடுஞ்சாலையில் வலப்புறம் திரும்புகையில் இஞ்ஜின் திடீரென ஓய்ந்தது. பின்னே வந்த லாரி இரண்டு முழ இடைவெளியில் நின்றமையால் இருவரும் பிழைத்தனர். அவர் எம்மிடம் யோசனை கேட்டார். பௌதிகம் கற்றோமென்னும் செருக்கினால், வண்டியைத் தொட்டும் பாராமல், “பாட்டரியை மாற்றும்” என்றோம்; மாற்றினார்; பழுது தீரவில்லை. “கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றும்” என்றோம். அவர் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி அதற்கே சென்றது. மூன்றாம் நாள் வண்டி மீண்டும் நின்றது. பழியைப் பட்டறைக்காரர்மேல் ஏற்றினோம். அதன் பின்னரே எமக்கு நாணம் உண்டாகி, முறைப்படி ஆராயத் தொடங்கினோம்.

முதற்கண் செய்யத்தக்கது, பழுது எப்பொழுது வருகின்றது என்பதைக் குறித்து வைத்தல். மழையிலும் வண்டியைக் கழுவிய பின்னரும் வருமாயின், கப்ளர்களில் நீர் புகுந்ததோ, தீப்பொறிக் காயிலில் ஈரம் கசிந்ததோ என ஐயுறலாம். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பின் வந்து, ஆறியதும் நீங்குமாயின், பிக்கப் காயிலையும் ரிலேயின் ஈயப்பற்றுக்களையும் நோக்குக. பள்ளத்தில் விழுந்து எழும்போது வருமாயின் பாட்டரி முனைகள், பியூஸ் பிடிப்பு, சைடு ஸ்டாண்ட் சுவிட்சு ஆகியவற்றை நோக்குக. ஹாண்டிலைத் திருப்பும்போது வருமாயின், வண்டியின் கழுத்தில் வளைந்து செல்லும் ஒயர்களே முதற் சந்தேகத்திற்குரியன. எம் நண்பரை வினவியபோது, வண்டி நின்ற ஐந்து முறையும் வலப்புறம் திரும்பிய வேளையே என்பது தெரிந்தது. இவ்வொரு வினாவை யாம் முன்னரே கேட்டிலேம்.

இரண்டாவது, நின்ற கணத்தில் எவை உயிரோடிருந்தன என்பதை அறிதல். முகப்பு விளக்குகளும் ஒருங்கே அணைந்தால், பழுது பாட்டரி முனைக்கும் பெரிய பியூஸுக்கும் சாவிச் சுவிட்சுக்கும் இடையே உள்ளது. விளக்குகள் எரிய இஞ்ஜின் மட்டும் நின்றால், அவற்றைக் கடந்து பம்பு, பீச்சுக்குழல், தீப்பொறி ஆகியவற்றின் வழியிலே தேடுக. சாவியைத் திருப்பியதும் பம்பு இரண்டு மூன்று வினாடி முனகும் ஒலியையும் செவிகொடுத்துக் கேட்க. எம் நண்பரின் வண்டியில் விளக்குகள் எரிந்தன, பம்பு முனகவில்லை. ஆகவே பாட்டரி குற்றமற்றது என்பது அதனை விலைக்கு வாங்கு முன்னரே தெளிந்திருக்கும்.

எச்சரிக்கை விளக்கின் குறியீட்டையும் வாசிக்க வேண்டும். ஆயின் அக்குறியீடு ஒரு சென்ஸாரைச் சுட்டினால், அந்தச் சென்ஸாரே கெட்டது என்பது துணிபன்று. அதற்குச் செல்லும் ஒயரும் கப்ளரும் கெட்டிருக்கலாம்.

மூன்றாவது, அளந்து பார்த்தல். நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், இஞ்ஜின் வேகமாக ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்டும். ஓம் அளவையை மட்டும் நம்புதல் கூடாது. ஒயரின் உள்ளே செம்பிழைகள் அறுந்து, பச்சைக் களிம்பு பூத்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பினும், மீட்டர் செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டம் அதன் வழியே எளிதிற் சென்றுவிடும். பம்பு வேண்டும் மின்னோட்டமோ சில ஆம்பியர். 1827-இல் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதிப்படி, 4 ஆம்பியர் செல்லும் வழியில் 0.5 ஓம் தடை இருப்பின் 2 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படும். ஆதலின், பம்பு ஓடும்போதே ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, இடையில் எத்தனை வோல்ட்டு இழக்கப்படுகின்றது என அளக்க வேண்டும். நல்ல ஒயரிலும் எர்த்திலும் இழப்பு 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேற்படாது.

எம் நண்பரின் வண்டியில், இஞ்ஜினை நிறுத்தும் வலக்கைச் சுவிட்சின் வழியாகவே பம்புக்கு மின்சாரம் சென்றது. அவ்வொயரில் மீட்டரை வைத்து, ஒருவர் ஹாண்டிலை மெல்லத் திருப்ப, மற்றவர் முள்ளை நோக்கினோம். நேரே நின்றபோது இழப்பு மிகச் சிறிது, வலக்கோடியை அடைந்ததும் மூன்று வோல்ட்டைக் கடந்தது, பம்பு ஓய்ந்தது. உறையை நீக்கிப் பார்த்தபோது, மேலே பழுதற்று விளங்கிய ஒயரின் உள்ளே செம்பிழைகள் அறுந்து கறுத்திருந்தன. ஒரு முழ ஒயர் போதியதாயிற்று. வளையும் இடத்தில் ஈயப்பற்று வைத்தால் அதன் விளிம்பில் மீண்டும் ஒடியுமாதலின், அத்துண்டையே நீக்கிப் புதிய ஒயரைத் தளர்வாக இட்டுக் கட்டினோம்.

மூன்று எச்சரிக்கைகள் கூறி முடிப்போம். இஞ்ஜின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை இவ்வண்டிகளிற் கைக்கொள்ளற்க. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுக்கக்கூடும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகப் பெரிய பியூஸை இடற்க, ஒயரே பற்றிக்கொள்ளும். ஊசியால் ஒயரின் உறையைக் குத்தற்க. அத்துளையின் வழியே நீர் புகுந்து நாளைய பழுதை விளைக்கும்.

பட்டறைக்காரரிடம் யாம் நேரிற் சென்று எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்து, “ஐயா, வண்டி வலப்பக்கம் திரும்பினால் நிற்கிறது என்று என்னிடமும் யாரும் சொல்லவில்லையே” என்றார். நண்பரின் மகள் இப்பொழுதும் அவ்வண்டியிலேயே பள்ளி செல்கின்றாள். மாணவர்களே, உங்கள் வண்டி வழியில் நின்றால், புதுப்பொருள் வாங்கப் பணம் எடுக்கு முன்னர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, எங்கே, எப்பொழுது, எவ்வாறு நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். அக்காகிதத்தை முதலிற் பட்டறைக்காரரிடம் கொடுங்கள்.