பழைய கிட்டாருக்குப் புது பிக்கப்: உங்களுக்குத் தெரியுமா?

பழைய பாணி எலெக்ட்ரிக் கிட்டார் கையில் இருக்கிறதா? பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாமே என்று விரல் துறுதுறுக்கிறதா? ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டுத் திருகுங்கள்!

ஃபென்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் ஒரு பிக்கப்பில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியைப் பிரித்து நீட்டினால் எவ்வளவு நீளம் வரும்? ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! உள்ளங்கையில் அடங்கும் சின்னத் துண்டுக்குள் சுமார் 8,000 சுற்று. கம்பியின் தடிமன் வெறும் 0.063 மில்லிமீட்டர்!

கிட்டாரில் நைலான் தந்தி மாட்டிப் பாருங்கள். பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது! காந்தத்துக்கு மேலே எஃகு அதிர வேண்டும். அப்போதுதான் சுருளில் மின்சாரம் பிறக்கும்.

இந்தக் காந்த பிக்கப்புக்கு அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் காப்புரிமை கேட்டது 1934இல். கிடைத்ததோ 1937இல்! இது இசைக்கருவிதானா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். இசைக்கலைஞர்களை அழைத்துவந்து அதிகாரிகள் எதிரிலேயே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது!

இப்போது விஷயத்துக்கு வருவோம். பழைய கிட்டார் பிரியர்கள் உயிரை விடும் மூன்றெழுத்து: பி.ஏ.எஃப்.! கிப்ஸன் கம்பெனியில் ஸேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் அது. இரண்டு சுருள், எதிரெதிராக. மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்', அதாவது 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று அடியில் ஒரு குட்டி ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பிக்கப் ஒன்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான டாலர்!

காப்புரிமை 1959 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதே பழைய ஸ்டிக்கரை ஏறத்தாழ 1962 வரை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்!

அடுத்து வந்த ஸ்டிக்கர் இன்னும் வேடிக்கை. அதில் 2,737,842 என்று ஓர் எண். தேடிப் பார்த்தால் அது பிக்கப்பே இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கிய தந்திப் பாலத்துக்கான காப்புரிமை! உண்மையான எண் 2,896,491. யாராவது காப்பியடிக்க நினைத்து அந்த எண்ணைத் தேடிப் போயிருந்தால், கிடைத்திருப்பது பாலத்தின் படம்தான்!

இன்னொன்றும் கேளுங்கள். பி.ஏ.எஃப். பிக்கப்பில் ஒரு சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று. 'ஏறத்தாழ' என்பதை அழுத்திப் படியுங்கள்! மின்தடையை அளந்தால் ஒன்று 7 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9 காட்டும். உள்ளே இருக்கும் காந்தமும் ஒரே ரகமாக இருக்காது. அல்னிகோ 2, 3, 4, 5 என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு பி.ஏ.எஃப். ஒரே மாதிரி ஒலிப்பது அபூர்வம்! அதனால் 'அசல் பி.ஏ.எஃப். தொனி' என்று விளம்பரம் பார்த்தால் உடனே கேளுங்கள்: எந்த பி.ஏ.எஃப்.?

கிப்ஸனில் கறுப்பு பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. கம்பி சுற்றும் சட்டம் கிரீம் நிறத்தில் வந்தது. உலோக மூடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே போட்டார்கள். இன்று அந்தக் கிரீம் நிறத்துக்கே கூடுதல் விலை! அமெரிக்காவில் இரண்டு சுருளும் கிரீமாக இருக்கும் ஹம்பக்கரை இப்போது எல்லாரும் விற்க முடியாது. அந்த நிற ஜோடி பிக்கப் தயாரிப்பாளர் டிமார்ஸியோவின் வணிகச் சின்னம்!

அதே டிமார்ஸியோதான் 1972இல் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பைக் கொண்டுவந்தார். கம்பெனி பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறு பிக்கப் மாட்டும் பெரிய சந்தையே அதற்குப் பிறகுதான்!

இன்னொரு பிக்கப் தயாரிப்பாளர் சீமோர் டங்கன் இளைஞராக இருந்தபோது கெட்டுப்போன தன் டெலிகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்புக்குப் புதுக் கம்பி சுற்றினார். எந்த மெஷினில்? ரெக்கார்ட் பிளேயரில்! நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று!

ஃபென்டர் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்தவர் அபிகெயில் இபாரா. ஓய்வு பெற்றது 2013இல். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே கம்பெனி! பிக்கப்பின் அடியில் அவருடைய முதலெழுத்துகள் இருந்தால் சேகரிப்பாளர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள்.

கிப்ஸனின் ஸேத் லவர் எங்கே போனார் தெரியுமா? 1967இல் நேரே எதிர்முகாம் ஃபென்டருக்கு! அங்கும் ஒரு ஹம்பக்கர் செய்தார். காந்தம் மட்டும் புது வகை: செம்பு, நிக்கல், இரும்பு. அதில் மரை வெட்டலாம். காந்தத்தையே ஸ்க்ரூவாகத் திருகலாம்!

பிக்கப் வாங்கும்போது கிலோ ஓம் எண்ணைப் பார்த்து மயங்குகிறீர்களா? டெலிகாஸ்டரின் கழுத்துப் பக்க பிக்கப்பில் கம்பி இன்னும் மெல்லிசு. மீட்டரில் பெரிய எண் காட்டும். சத்தமோ குறைவு! அந்த எண் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். வலிமை அல்ல!

இதைக் கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள். கொடைக்கானலில் 20 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டும் பிக்கப், சென்னையின் 40 டிகிரி வெயிலில் 8.6 காட்டும்! பிக்கப் அதேதான். செம்பு சூடானால் மின்தடை ஏறும்!

பழைய ஸ்ட்ராட் பிக்கப்பில் மூன்றாம் தந்திக்கு அடியில் காந்தம் உயரமாக நிற்கும். ஏன்? 1950களில் அந்தத் தந்தி மேலே கம்பி சுற்றிய தடித்த தந்தி. இன்று மெல்லிய வெறும் தந்தி. அதே உயரத்தில் அது மட்டும் கத்தும்! பழைய பாணி அச்சு அசலாக வேண்டுமா, ஆறும் சமமாக ஒலிக்க வேண்டுமா? என்னைக் கேட்டால், இன்றைய தந்தி மாட்டுகிறவர்கள் சமமான காந்தத்தை எடுங்கள்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலதுகைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தார். அந்தக் காந்த உயரமெல்லாம் தலைகீழ்! சாய்ந்திருக்கும் பிக்கப்பும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அந்தத் தொனிக்காகவே இன்று தலைகீழ் பிக்கப் செட் விற்கிறார்கள்!

கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 கிப்ஸன் லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசைமாறிக் கிடந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். உலகமே அதைக் கொண்டாடியது! கேரி மூர் கைக்குப் போய், 2014இல் கிர்க் ஹாம்மெட்டிடம் சேர்ந்தது அந்தக் கிட்டார்.

எட்டி வான் ஹாலன் கிப்ஸன் ஹம்பக்கரை ஸ்ட்ராட் உடலில் பொருத்தினார். காந்தமும் தந்தியும் நேராக வரவில்லை. பிக்கப்பைச் சாய்த்து வைத்தார், தீர்ந்தது! கீச்சிடாமல் இருக்க உருகிய மெழுகில் முக்கியும் எடுத்தார். வாங்கும் முன் நீங்களும் தந்தி இடைவெளியை அளந்து பாருங்கள். கிப்ஸனுக்கும் ஃபென்டருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும்!

வால்யூம் கன்ட்ரோலைக் கவனித்தீர்களா? ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. அதை மாற்றினாலே தொனியின் கூர்மை ஏறும், இறங்கும். பிக்கப்பைத் தொடவே வேண்டாம்!

தடித்த தந்தியை மேல் கட்டைகளில் வாசித்தால் சுருதி நெளிகிறதா? காந்தம் தந்தியை இழுக்கிறது! ஸ்க்ரூவைத் திருகி பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். செலவு: பூஜ்யம்!

ஸ்ட்ராடோகாஸ்டர் பிறந்தது 1954இல். மூன்று பிக்கப், மூன்று நிலை ஸ்விட்ச். வாசிப்பவர்கள் ஸ்விட்சை நடுவில் நிறுத்திப் புதுத் தொனி திருடினார்கள். ஐந்து நிலை ஸ்விட்சை ஃபென்டர் கொடுத்தது எப்போது? 1977! இருபத்து மூன்று ஆண்டு கழித்து!

டேன்எலெக்ட்ரோ கம்பெனி தன் பிக்கப்பை எதற்குள் வைத்தது? நிஜமான லிப்ஸ்டிக் குழாய்க்குள்! ஸ்ட்ராட் குழியில் அப்படியே உட்காரும் அளவில் லிப்ஸ்டிக் பிக்கப் இன்றும் கடையில் கிடைக்கிறது!