காமன் கூத்தும் மேடையும்

ஐரோப்பிய மத்தியகாலச் சமயநாடகங்களைக் கைவினைஞர் சங்கங்கள் பங்கிட்டு ஆடின. யோர்க் நகரில் 1569 இல் நின்றுபோன அந்நாடகத் தொடர், 1951 இல் ஊர்மக்களின் பங்கேற்புடன் மீண்டும் அரங்கேறியது. பதுளை உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்து இதற்கு ஒப்பானது. மாசியில் காமன் ஊன்றுவது முதல் காமதகன இரவு வரை, ஆடுவோரும் தப்பு முழக்குவோரும் பார்ப்போரும் லயத்துத் தொழிலாளரே. விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றினார். கூத்து புதுமதிப்புப் பெற்றது. ஆயின், காமன் கூத்தை அவ்வாறே சுருக்கினால் ஆட்டம் எஞ்சும். அதனை உருவாக்கும் கூட்டுழைப்பு மறையும். ஆகவே அதன் புத்தாக்கம், மண்டபத்தில் அன்று, லயத்து முற்றத்தில், தொழிலாளரின் தீர்மானத்துடனேயே தொடங்குதல் வேண்டும்.